சென்னை சங்கமத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு, டிக்கெட் இல்லாமல் கிடைக்கிற பெரிய விருந்து ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’. பறை, கரகம், தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து என்று வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போய்த் தேடிப் பார்க்க வேண்டிய கலைகள் நகரத்துப் பூங்காவுக்கும் மைதானத்துக்கும் வந்து இறங்குகின்றன.

2007-இல் தமிழ் மையம் என்ற அமைப்பும் அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து தொடங்கிய விழா இது. 2011-க்குப் பிறகு நின்றுபோனது. 2023 ஜனவரி 13 அன்று தீவுத்திடலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைக்க, கலை பண்பாட்டுத் துறையின் பொறுப்பில் இப்போதைய பெயரோடு மீண்டும் வந்தது. பொதுவாகத் தொடக்க விழா ஒருநாள். அடுத்த நான்கு நாளும் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நகரின் பல திடல்களில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சிகள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாலைக்கு ஒரு திடல் போதும். “ஏழு மணிக்கு அண்ணா நகர், எட்டு மணிக்கு எழும்பூர்” என்று திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் பார்ப்பது அமைந்தகரை சிக்னலைத்தான். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு முடிவை ஒட்டியவை.

முதல் படி: எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

தொடக்க நாளைக் குடும்பத்தோடு போக விரும்புகிறவர்கள் தவிர்க்கலாம். அமைச்சர்கள் வருவார்கள், பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும், முன்வரிசை நாற்காலியெல்லாம் அழைப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு. பேச்சு முடிந்து ஆட்டம் தொடங்குவதற்குள் சின்னப் பிள்ளை மடியில் தூங்கிவிடும்.

காணும் பொங்கல் அன்று கூட்டம் உச்சத்தில் இருக்கும். மெரினா, கிண்டி, மாமல்லபுரம் என்று அன்று சென்னையே வீட்டுக்கு வெளியேதான். போக்குவரத்து மாற்றங்களும் இருக்கும். கடற்கரையோரத் திடலை அன்று தேர்ந்தெடுப்பது வேண்டாத வேலை. அன்றைக்குத்தான் போக முடியும் என்றால் வடக்கிலோ மேற்கிலோ உள்ள ஒரு மைதானத்துக்குப் போங்கள்.

எனக்குப் பிடித்த நாள் மாட்டுப் பொங்கல். வீட்டுப் பூசை, சமையல் நெருக்கடியெல்லாம் முந்தைய நாளோடு முடிந்திருக்கும். பாதி நகரம் ஊரில் இருக்கும். சாலை காலியாக இருக்கும். பொங்கல் அன்று மாலையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டியவர்களை மாலையில் இன்னொரு மூன்று மணிநேரம் நிற்கவைப்பது நியாயமில்லை.

போகி அன்று நிகழ்ச்சி இருந்து, வீட்டில் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் இருந்தால் இன்னும் ஒருநாள் பொறுங்கள். காலையில் எரித்த பழைய பாயும் டயரும் கிளப்பிய புகை மாலையிலும் முழுதாக விலகியிருக்காது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. போகிக்கு முந்தைய நாட்களில் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் வண்டிகள்தான் நிரம்பி வழியும். சென்னையை நோக்கி வரும் வண்டிகளில் இடம் கிடைக்கும். விடுமுறை முடிகிற நாளில் இது அப்படியே தலைகீழ். அன்று எல்லாரும் சென்னைக்குத் திரும்புவார்கள், நீங்கள் சென்னையை விட்டுக் கிளம்புவீர்கள். காரில் போனால் செங்கல்பட்டுப் பக்கம் எதிர்ச்சாலையின் நெரிசலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இரண்டாம் படி: திடலைத் தேர்ந்தெடுங்கள்

திடல்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். பொங்கலுக்குச் சில நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வரும். அண்ணா நகர் டவர் பூங்கா, தேனாம்பேட்டை செம்மொழிப் பூங்கா, எழும்பூர் அருங்காட்சியக வளாகம், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, ராயபுரம் ராபின்சன் மைதானம், கோயம்பேடு ஜெய் நகர் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா ஆகியவை கடந்த ஆண்டுகளில் நிகழ்ச்சி நடந்த இடங்களில் சில.

வீட்டுக்கு எது பக்கம் என்பதைவிட, உங்கள் கூட்டத்தில் யாரால் அதிகம் நடக்க முடியாது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ள பாட்டி வருகிறார் என்றால் மெட்ரோவிலிருந்து இறங்கி அதிகம் நடக்காமல் போகிற இடம்தான் சரி. அந்த வகையில் அண்ணா நகர் முதலிடம்: அண்ணா நகர் டவர் மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் உண்டு, பூங்காவும் பக்கம். 1968 உலக வணிகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிய மாதிரியும் இருக்கும்.

தள்ளுவண்டியில் வரும் கைக்குழந்தையோடு எலியட்ஸுக்குப் போகாதீர்கள். மணலில் சக்கரம் உருளாது. ஓடியாடுகிற வயதுப் பிள்ளைகளுக்கோ அதுவே சொர்க்கம், ஆனால் இருட்டில் கடல் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் முழுநேரமும் வேண்டும். அவரால் ஆட்டம் பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எழும்பூரை எடுத்துக்கொண்டால் பகலையும் சேர்த்துக்கொள்ளலாம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு மாலையில் வெளியே வந்தால் ஆட்டம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும், பொங்கல் நாட்களில் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ராயபுரத்துக்கு என் தனி ஓட்டு. 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கத்தை அண்ணா அறிவித்த ராபின்சன் பூங்கா இருக்கும் பகுதி இது. வடசென்னைக் கூட்டம் சும்மா பார்த்துவிட்டுப் போகிற கூட்டமல்ல. விசில் பறக்கும், அடிக்கு அடி கை தட்டும். பறைக் குழுவின் வேகம் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு படி ஏறும்.

மூன்றாம் படி: போவதற்கு முன் வீட்டில்

பிள்ளைகள் திடலில் “போர் அடிக்குது, எப்போ போலாம்?” என்று கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எதைப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. முதல்நாள் இரவு டிவியில் யூடியூபைப் போட்டு ஒரே ஒரு கலையை ஐந்து நிமிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் நேரில் பார்க்க ஆவல் இருக்காது.

தெருக்கூத்து பட்டியலில் இருந்தால் கதையைச் சொல்லி வையுங்கள். திரௌபதி துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம் ஆகியவை அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் கதைகள். இதை அப்பா அம்மா சொல்வதைவிடத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுவது நல்லது. “அந்தக் காலத்துல எங்க ஊர்ல விடிய விடிய நடக்கும்” என்று ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்தவும் மாட்டார்கள்.

பதின்மூன்று பதினான்கு வயதுக்காரர்கள் வர மறுப்பார்கள். மல்லுக்கட்டாதீர்கள். மல்லர் கம்பம், சிலம்பம் இருக்கும் நாளாகப் பார்த்து, வீடியோ எடுக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் போதும்.

நான்காம் படி: பையில் என்ன?

குறைவாக இருக்கட்டும். ஒரு ஜமக்காளம் அல்லது பழைய பெட்ஷீட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பனிக்குப் பாட்டிக்கும் குழந்தைக்கும் சால்வை, குல்லா. சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். திறந்தவெளியில் எட்டு மணிக்கு மேல் இறங்கும் தைப்பனிக்கு மறுநாள் காலை மூக்கு பதில் சொல்லும். பூங்கா என்றால் கொசுவும் உண்டு, எனவே முழுக்கை சட்டை, ஓடோமாஸ். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். ஈரத் துணி அல்லது டிஷ்யூ. சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம். கூட்டம் சேர்ந்தால் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் தரையில் உட்கார முடியாதவர்கள் என்றால் மடக்கு நாற்காலி ஒன்று, முடிந்தால்.

வாசலில் பை சோதனை இருக்கக்கூடும் என்பதால் கத்தி, தீப்பெட்டி சமாச்சாரம் வேண்டாம்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்வது

காரை மறந்துவிடுங்கள். திடல்கள் எல்லாம் குடியிருப்புப் பகுதிகளின் நடுவே இருப்பவை. வண்டி நிறுத்த ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு குறுக்குத் தெருவில் இடம் பிடித்து, அங்கிருந்து பாட்டியை நடத்திக் கூட்டிவருவதற்கு மெட்ரோவே மேல். அண்ணா நகர், எழும்பூர், கோயம்பேடு மூன்றும் மெட்ரோ போகிற இடங்கள். செம்மொழிப் பூங்காவுக்கு ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ராயபுரத்துக்குப் புறநகர் ரயில். 1856-இல் திறந்த அந்த நிலையக் கட்டடத்தையே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். பெசன்ட் நகருக்கு 23சி போல நேரடிப் பேருந்துகள் உண்டு, அல்லது பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வந்து ஆட்டோ.

பொங்கல் விடுமுறையில் புறநகர் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடுவது வழக்கம், மெட்ரோவும் நேரத்தை மாற்றும். திரும்பி வரும் ரயிலின் நேரத்தை மதியமே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்குத் திடலில் இருந்தால் நல்ல இடம் கிடைக்கும். கிளம்பும்போதே எல்லாரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவது நல்லது. திடலில் கழிப்பறை இருக்கும், வரிசையும் இருக்கும்.

ஆறாம் படி: திடலுக்குள்

நுழைந்ததும் உட்கார இடம் தேடாதீர்கள். முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, போலீஸ் உதவி மையம் எங்கே, இரண்டாவது வாசல் எங்கே. பிறகு, பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். “மேடைகிட்ட” என்று சொல்லவே கூடாது. எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். கூட்டமில்லாத ஒரு மரம், ஒரு சிலை, பூங்காவின் பெயர்ப்பலகை என்று அசையாத ஒன்றாக இருக்கட்டும்.

குழந்தையின் உள்கையில் பேனாவால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். காணும் பொங்கலில் மெரினாவில் போலீசார் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோர் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே யோசனைதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் “என்ன கலர் சட்டை?” என்று யாராவது கேட்டால் நாக்கு குழறும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098.

உட்காரும் இடத்தில் ஒரு விஷயம் பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். பறையும் தவிலும் நாகசுரமும் மைக் இல்லாமலே ஊரைக் கூட்டுபவை. அதைப் பெருக்கிக் கேட்டால் குழந்தைக்குக் காது வலிக்கும். கைக்குழந்தை காதைப் பொத்திக்கொண்டாலோ சிணுங்கினாலோ சமாதானம் செய்து உட்காரவைக்க வேண்டாம், பின்னால் தள்ளிப் போய்விடுங்கள். மேடைக்குப் பக்கவாட்டில், பெட்டியைத் தாண்டிய மூலைதான் குடும்பத்துக்கு ஏற்ற இடம். அங்கிருந்து இன்னொன்றும் தெரியும்: ஆடப்போகிறவர்கள் தயாராவது.

ஏழாம் படி: எதை, எப்படிப் பார்ப்பது

மேடையில் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். விடிய விடிய நடக்கிற கூத்தை அதற்குள் சுருக்கித்தான் தர முடியும். எனவே மேடையை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

பறைக் குழு வந்திருந்தால் அவர்கள் மேடையேறும் முன் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். வைக்கோலோ காகிதமோ கொளுத்திய சிறு தீயில் பறையை முகம் காட்டிச் சூடேற்றுவார்கள். பனியில் தளர்ந்த தோல் சூட்டில் விறைக்கும். ஒருவர் குச்சியால் மெல்லத் தட்டுவார், முகம் சுளிப்பார், மறுபடி தீயில் காட்டுவார். மந்தமாக இருந்த ஒலி ‘டங்’ என்று தெறிக்கும் கணத்தில் தலையசைத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். பிள்ளைகளிடம் இரண்டு குச்சிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, இன்னொன்றில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவர்களுக்கு நல்ல விளையாட்டு. இந்தக் கலையில்தான் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அடித்தவர்களையும் சேர்த்து ஒதுக்கிய கருவி இது என்பதையும் புரியும் வயதுப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டுக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கரகாட்டத்தில் தலைக்கு மேல் சுழலும் கிளியை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் கழுத்தைப் பாருங்கள். கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் கழுத்து அசையாது. பக்கத்தில் நையாண்டி மேளக்காரர்களையும் ஒரு கண் பாருங்கள். நாகசுரக்காரர் ஆடுபவரைச் சீண்டுவது போல் ஒரு சங்கதி வாசிப்பார், ஆடுபவர் காலாலேயே பதில் சொல்வார். சினிமா கெடுத்துவைத்திருக்கிற கரகாட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு “குழந்தைகளோட பார்க்கலாமா?” என்று தயங்குகிறவர்கள் தயங்காமல் பார்க்கலாம்.

சின்னஞ்சிறுசுகளுக்குப் பொய்க்கால் குதிரை, மயில், மாடு, புலி. விளக்கமே தேவையில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையில் ஆடுபவர் மரக்காலில் நின்றுகொண்டு குதிரைக் கூட்டையும் தோளில் சுமக்கிறார் என்பதை மட்டும் காட்டிக்கொடுங்கள். புலி வேடத்துக்குப் பயந்து அழும் பிள்ளையைப் புலியிடம் கொண்டுபோய்க் கை கொடுக்கச் சொல்லும் மாமாக்களைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

தாத்தா பாட்டிக்கு வில்லுப்பாட்டு. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை, கூடவே ‘ஆமா’ போடும் ஆட்கள். கதை புரிந்தால்தான் சுவை, அதனால் முன்பக்கமாக உட்கார வேண்டும்.

கணியான் கூத்து பட்டியலில் இருந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களுக்கு உரிய கலை. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் ஆட, உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு தோல்கருவிகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். சென்னையில் எளிதில் கிடைக்கிற வாய்ப்பில்லை இது.

கொங்கு நாட்டு வள்ளிக் கும்மி வந்தால் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவையுங்கள். இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

எட்டாம் படி: சாப்பாடு

திடல்களில் உணவுக் கடைகளும் இருக்கும். ஏழே கால், ஏழரைக்கு வரிசை நீளமாகிவிடும். ஆறு மணிக்கே பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்துவிடுங்கள், அல்லது வீட்டிலிருந்தே நாலு இட்லியில் பொடி தடவி எடுத்து வாருங்கள். வெட்டிவைத்த பழம், திறந்து வைத்த சட்னி வேண்டாம்.

ஒன்பதாம் படி: கலைஞர்களோடு

ஆட்டம் நடக்கும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தலையில் கரகமோ காலில் மரக்கட்டையோ வைத்துக்கொண்டு ஆடுபவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் விழுந்துவிடுவார். மேடை ஏறி ரூபாய் நோட்டைக் குத்துவதும் வேண்டாம். ஊர்த் திருவிழாவில் அது வழக்கம், இங்கே அடுத்த குழுவின் நேரத்தைத் தின்னும்.

முடித்து இறங்கியதும் போய்ப் பேசுங்கள். “ரொம்ப நல்லாருந்துச்சுண்ணே, எந்த ஊரு?” என்று கேட்டால் போதும், ஊர், ஆசான், கூட வந்த பிள்ளைகள் என்று எல்லாம் வரும். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் முதலில் செல்ஃபி கேட்காமல் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். குழுத் தலைவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ செண்டை மேளத்துக்கு ஆள் தேடும் முன் இவர்களைக் கூப்பிடலாம். விழா நடக்கிற சில நாள் போக, ஆண்டு முழுவதும் வேலை வேண்டுமே அவர்களுக்கு.

பத்தாம் படி: கிளம்புவது

ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒன்றாக வெளியேறுவார்கள். எட்டே முக்காலுக்கு, ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில் எழுந்துவிடுங்கள். ஜமக்காளத்தை உதறி மடிக்கும்போது கண்ணாடி, செருப்பு, பாட்டில் மூடி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குப்பையைப் பையிலேயே எடுத்து வாருங்கள். வாசலில் நின்று ஆட்டோ புக் செய்தால் விலை ஏறியிருக்கும்; இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளைகள் ஏதாவது ஒன்றையே பேசிக்கொண்டிருந்தால், அதை முழுதாகக் காட்ட அடுத்த பயணத்தை யோசிக்கலாம். தெருக்கூத்து என்றால் பங்குனி முதல் வைகாசி வரை செய்யாறு, ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில் விழாக்கள். செய்யாறை ஒட்டிய புரிசை, கண்ணப்பத் தம்பிரானால் பெயர் பெற்ற கூத்து ஊர். கணியானும் வில்லும் என்றால் சித்திரைக்குப் பிறகு தென்மாவட்டக் கொடைகள், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிகளில். தெரிந்தவர்கள் வீட்டில் தங்க இடம் கேட்டு வைத்துக்கொண்டு, பகலில் பிள்ளைகளை நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டிப்போங்கள். அங்கே ஆட்டம் சூடுபிடிக்கவே நள்ளிரவு ஆகும்.